கருகிய துளை

அப்பாவின் தகரப்பெட்டியில் ஒரு நாய்ப்பட்டை இருந்தது. தடித்த தோல், பித்தளைக் கொக்கி. தொழிற்சாலையில் போட்ட துளைகள் ஒரு முனையில் சம இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசைக்கு வெகுதூரம் தள்ளி, கொக்கிக்கு மிக அருகில், தனியாக ஒரு துளை. அது வட்டமாக இல்லை. விளிம்பு கருகியிருக்கிறது. சென்ற மாதம் என் மகள் குவாலா சிலாங்கூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தாள். அதன் கழுத்தில் கட்ட ஏதாவது கிடைக்குமா என்று பெட்டியைக் கிளறியபோது இது அவள் கையில் வந்தது. "யாரும்மா இப்படி ஓட்டை போட்டது? குட்டிக்குன்னே போட்ட மாதிரி இருக்கே," என்றாள். குட்டிக்கென்றே போட்டதுதான் என்று சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளையர் அவசரகாலம் அறிவித்த பின் வந்த ஆண்டுகளில் அப்பா உலு யாம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கே ஆங்கிலப் பள்ளியில் படித்து, கணக்கு வேலைக்காக மலாயாவுக்கு வந்தவர். தோட்டத்து ஆட்கள் சேலம், வட ஆர்க்காடு பக்கத்துக் குடும்பங்கள். இரு தரப்புக்கும் தமிழ்தான். ஆனாலும் அப்பா, சீக்கிரம் என்ற பொருளில், "கெதியாய் வா" என்று கூப்பிட்டால், எந்தக் கதி என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் அதட்டும் அளவுக்குத்தான் தெரியும். அவர் சொல்வது எதுவும் அப்பாவின் வாயில் தமிழாகித்தான் ஆட்கள் குடியிருந்த லயங்களுக்குப் போகும். அதில் அப்பாவுக்குப் பெருமை உண்டு. விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு நேரத்தில் அவர் துரைக்கு அரையடி பின்னால் நிற்பார். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் அந்தக் களம் முழுவதும் தெரியும்.

அப்போதுதான் சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஆபீசைச் சுற்றிக் கட்டி, எங்கள் வீட்டையும் சேர்த்து முள்கம்பி வேலிக்குள் அடைத்திருந்தார்கள். அரிசிக்குப் பங்கீடு வந்தது. பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சேர்த்துவைத்து அனுப்பிவிடக் கூடாதென்று. ஆட்களோடு அவர்களுடைய நாய்களும் வேலிக்குள் வந்தன.

அப்படி வந்தவர்களில் ஒருவரை நாங்கள் காட்டோரத்து அக்கா என்போம். அவர் பால் வெட்டும் மரங்கள் காட்டை ஒட்டி நின்றன. கணவர் காய்ச்சலில் இறந்தபின் அந்த நிரைக்கு அவர் தனியாகத்தான் போய்வந்தார். தனியாக என்றும் சொல்ல முடியாது. செவலை என்ற பெட்டை நாய் அவருக்கு முன்னால் போகும். மரங்களுக்கிடையில் யாராவது நின்றால் அது குரைக்கும், இவர் நின்றுவிடுவார். துப்பாக்கியோடு வருபவர்கள் காவலர்களா காட்டுக்காரர்களா என்று இருட்டில் தெரியாத காலம். "தொரைக்கு நாலு துப்பாக்கிக்காரன். எனக்கு நாலு காலுக்காரி," என்பார் அக்கா.

செவலை ஈன்ற குட்டிகளில் ஒன்றுதான் தங்கியது. புது லயத்தில் கால் நீட்ட இடமில்லை என்று, அது பால் மறக்கும் முன்பே எங்களிடம் கொண்டுவந்து விட்டார். "ஐயா வூட்டுல வளந்தா இங்கிலீசுல கொரைக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா நாய் வளர்த்தவரல்ல. துரைமார் வளர்ப்பதைப் பார்த்தவர். சீமைக்குத் திரும்பிப்போன சின்னத் துரை பங்களாவில் விட்டுச்சென்ற பட்டையைக் கேட்டு வாங்கி வந்தார். கன்றுக்குட்டி உயரமுள்ள நாய்க்குச் செய்தது அது. எங்கள் குட்டியின் தலை வழியாகப் போட்டால் இடுப்புவரை இறங்கியது. "வளர்ந்தால் சரிவரும்," என்று சுவர் ஆணியில் மாட்டிவைத்தார். குட்டிக்கு ஜாக் என்று பெயர் வைத்தார். அம்மாவின் வாயில் அது சாக்கு ஆனது. வராந்தாவில் கோணிச் சாக்கின் மேல்தான் அது படுத்ததால் பெயர் பொருத்தமாகவும் இருந்தது. முதல் சில இரவுகள் சாக்கு வாய் ஓயாமல் அழுதது. சின்னத் துரை எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, அப்பா மேசை மணிக்கூட்டைத் துவாயில் சுற்றி அதன் பெட்டிக்குள் வைத்தார். டிக் டிக் என்ற ஓசையைத் தாயின் நெஞ்சு என்று நினைத்துக் குட்டி தூங்கிவிடுமாம். குட்டி மணிக்கூட்டின் மேல் மூத்திரம் பெய்தது. மணிக்கூடு நின்றுபோனது. "உங்கட நேரத்தை நனைச்சுப்போட்டுது," என்று அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் வெகுகாலம் கேட்கவில்லை.

குட்டியை உண்மையில் தேற்றியது செவலைதான். மாலையானால் லயத்திலிருந்து தானாக வந்து எங்கள் படியடியில் படுத்துக்கொள்ளும். குட்டி உருண்டு இறங்கிப் போய்ப் பால் குடிக்கும். கொஞ்சம் கழித்து அக்கா வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கும் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு நாயை அழைத்துப் போவார். இது ஒரு வழக்கமாகிவிட்டது. குட்டி அழுவதும் குறைந்தது.

அந்த நேரத்தில்தான் நாய்களைப் பற்றிய உத்தரவு வந்தது. இரவில் வேலியோரம் ரோந்து போகும் மலாய்ச் சிறப்புக் காவலர்கள், நாய்கள் குரைத்துத் தாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்று முறையிட்டிருந்தார்கள். உரிமையாளர் இல்லாத நாய்களும் கழுத்தில் பட்டை இல்லாத நாய்களும் சுடப்படும் என்று துரை பெரட்டில் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா அதை ஒரே சொல்லில் அடக்கினார்.

"கட்டாக்காலி நாயள் எல்லாம் சுடப்படும்."

யாழ்ப்பாணத்தில் கேட்பாரற்றுத் திரியும் மாட்டையும் நாயையும் அப்படிச் சொல்வார்கள். சேலத்துக்காரர்களுக்கு அது புதுச் சொல். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கல்யாணம் கட்டாத காலின்னா நம்ம மண்டோரு மவனைத்தான் சொல்றாரு. சுடட்டும்லா, எஸ்டேட்டு நிம்மதியா இருக்கும்," என்றது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் விளக்கம் சொன்னார்: "கட்டாத நாயச் சொல்றாருடா. கட்டிப் போட்டா ஒண்ணும் இல்ல." ஜன்னலில் நின்ற எனக்கே அது கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆபீசுக்குள் போனார். பட்டை என்ற சொல் அன்று அந்தக் களத்தில் தமிழில் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை.

அன்று மாலை அப்பா வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்கு வந்தார். ஆணியில் தொங்கிய பட்டையை எடுத்தார். செவலை படியடியில் படுத்திருந்தது. குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து, நூலால் குட்டியின் கழுத்தைச் சுற்றி அளந்தார். பிறகு ஓர் ஆணியைக் குறட்டால் பிடித்து விளக்குத் தீயில் காய்ச்சித் தோலில் அழுத்தினார். புகையும் தோல் கருகும் நாற்றமும் வந்தன. அக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, செவலை எங்கூட வெட்டுக்கு வருதுங்க. அத விட்டுட்டுத் தனியா போவ பயமா இருக்குங்க. கண்டிப்பா கட்டித்தான் போடணுங்களா?"

அப்பா ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஓம். கட்டிவச்சால் போதும்."

"கட்டிப் போட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்கதானே?"

"போதும் எண்டுதானே சொல்லுறன்."

அக்கா எழுந்து நாயை அழைத்துக்கொண்டு போனார். அப்பா பட்டையைக் குட்டியின் கழுத்தில் மாட்டினார். புதுத் துளையில் கொக்கி சரியாக விழுந்தது. மீந்த தோல் நீளமாகத் தொங்கியது. குட்டி அதன் மேல் கால் வைத்துத் தடுக்கி விழுந்தது. அதற்கு நான் கைதட்டிச் சிரித்தேன்.

மறுநாள் காலை வெட்டு நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. அம்மா என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மரங்களுக்கிடையில் இருந்த ஆட்கள், காட்டுக்காரர்கள் லயத்தைத் தாக்கிவிட்டார்கள் என்று நினைத்துப் பால் வாளியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடி ஓடிவந்தார்கள். லயங்களுக்கு முன்னால் நாய்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. தூணில், குழாயடியில், கொய்யா மரத்தில். கட்டியிருந்ததால் எதுவும் ஓடவில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் ரப்பர் ஆலைப் பக்கம் திரிந்த நாய்கள் முதல் சத்தத்திலேயே வேலிக்கடியில் நுழைந்து தப்பிவிட்டன. "கட்டித்தானே இருக்கு?" என்று மண்டோர் மலாயில் கத்தியதற்கு, ஒரு காவலர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாராம். செவலை அக்காவின் வாசல் தூணில் இருந்தது. அவரோடு செவலை காட்டோரம் போகாத முதல் நாள் அது.

மாலையில் குட்டி படியடிக்குப் போய்க் காத்திருந்தது. செவலை வரும் நேரத்தில் அக்கா மட்டும் வந்தார். கையில் கயிறு இருந்தது. உட்காரவில்லை. அப்பா வராந்தாவில் நின்றார்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க கட்டுனேன்," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. பிறகு அவர் பார்வை குட்டியின் கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. "பட்டைதான்னு சொல்லியிருந்தா ஒரு பழைய சைக்கிள் ட்யூப்ப வெட்டிச் சுத்தியிருப்பேனேங்க. ரப்பர் தோட்டத்துல ரப்பருக்கா பஞ்சம்?"

அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்ல நினைத்தாரோ, வந்தது வேறு: "குட்டியைக் கொண்டுபோறதெண்டால் கொண்டுபோ."

"அது உங்க வூட்டு நாயிங்க. அதான் பட்டை இருக்குதே." கயிற்றைச் சுருட்டி மேல்படியில் வைத்தார். "இதையும் வச்சுக்குங்க. கட்டிப் போட ஒதவும்."

அம்மா உள்ளிருந்து தேநீரோடு வந்தபோது அக்கா பாதி வழி போய்விட்டிருந்தார். அந்தத் தேநீரை யாரும் குடிக்கவில்லை. அன்றிரவு அம்மா பஞ்சைப் பாலில் நனைத்துக் குட்டியின் வாயில் பிழிந்துகொண்டே இருந்தார்.

அந்த வாரமே அப்பா, யாரும் கேட்காமல், அக்காவுக்குச் சாலையோர நிரையை ஒதுக்கினார். அக்கா போக மறுத்துவிட்டார். "பழகுன மரம். அதுங்க பொய் சொல்லாது," என்று மண்டோரிடம் சொன்னாராம். அதன்பின் இருட்டில் காட்டோரம் போகும்போது, கேட்பவர் யாராக இருந்தாலும் தான் பால் வெட்டப் போகும் பெண் என்று தெரியட்டும் என்று, சத்தமாகப் பேசிக்கொண்டே போவார். எங்கள் வீடுவரை அது கேட்கும். அப்பா அந்நேரம் முகம் கழுவிக்கொண்டிருப்பார். குரல் தேய்ந்து மறையும்வரை தண்ணீர்ச் சத்தம் நிற்காது. சில மாதங்களில் அக்கா ஜெராம் பக்கம் தம்பி வேலை பார்த்த தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பட்டையைக் கழற்றி எறிந்திருப்பார் அப்பா. ஆனால் கழற்றினால் நாயைச் சுட்டுவிடுவார்கள். ஆகவே சாக்கு அதைப் போட்டுக்கொண்டே வளர்ந்தது. ஒவ்வொரு துளையாகக் கொக்கியை மாற்றிக் கொடுத்தவர் அம்மா. அப்பா அந்த நாயின் தலையைத் தடவிக்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று மாறியது. அதற்குப் பிறகு எந்த உத்தரவு வந்தாலும் அப்பா அதைப் பிட்டுப் பிட்டுச் சொன்னார். "விளங்கிச்சா? என்ன விளங்கிச்சு, திருப்பிச் சொல்லுங்கோ," என்று வரிசையில் ஒருவரையாவது நிறுத்திக் கேட்பார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தாலும் விடமாட்டார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய சாவு வீட்டுக்கு வந்த பழைய ஆட்கள், "நம்ம கிராணி மாதிரி விளக்கமாச் சொல்ற ஆளு யாரு இருக்கா?" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் தலை குனிந்து நின்றேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

காரணத்தை அவர் ஒரே ஒருமுறை சொன்னார். நான் கோலாலம்பூரில் ஒரு பத்திரிகையில் செய்தி மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்தபோது பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தவர், நகராட்சி நாய் பிடிக்கும் செய்தி ஒன்றில் விரலை வைத்துக் கேட்டார்.

"இதுக்கு நீங்கள் என்ன சொல் போடுறனீங்கள்?"

"தெருநாய்."

"அதுவும் பிழைதான், பிள்ளை. அதுகள் தெருவிலை நிக்கேல்லை. வீட்டிலை நிண்டதுகள்." பத்திரிகையை மடித்து வைத்தார். "சொல்லுத் தெரியாமல் இல்லை. பட்டை எண்டு சொல்லியிருந்தால் எல்லாரும் எதையாவது வெட்டிக் கட்டியிருப்பினம். ஒரு நாயும் செத்திராது. 'உன்ரை ஆக்கள் என்னை ஏமாத்திப்போட்டினம்' எண்டு துரை என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பார்."

அவ்வளவுதான். துரை சிரிப்பார் என்ற பயம். ஆட்களுக்குப் புரியாத சொல்லைத் தேடி எடுத்த ஒரு மனிதரின் மகள் நான். பிறகு முப்பது வருடம் சொற்களை மாற்றிப் போட்டுத்தான் நானும் சோறு தின்றேன். தலைப்புப் போடும் அவசரத்தில் வழவழப்பான ஒரு சொல் கைக்கு வரும்போதெல்லாம் தோல் கருகும் நாற்றம் வந்தது. ஒவ்வொரு முறையும் நிறுத்திக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

சென்ற மாதம் மகள் அந்தப் பட்டையைப் புதுக் குட்டியின் கழுத்தில் மாட்டினாள். கருகிய துளையில் கொக்கி சரியாக விழுந்தது. மீந்த தோல் தரையில் இழுபட்டது. குட்டி தடுக்கி விழுந்தது. அவள் சிரித்தாள்.

"கழற்று," என்றேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

பட்டையைப் பெட்டியில் வைத்து மூடினேன். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் பழைய சைக்கிள் ட்யூப் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். சமையல் கத்தரிக்கோலால் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். குட்டியின் கழுத்தில் சுற்றி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, முடிச்சுப் போட்டேன்.

"பட்டை இருக்கிறப்ப இது எதுக்கும்மா? அசிங்கமா இருக்குலா," என்றாள் மகள்.

குட்டி கழுத்தைச் சொறிந்துவிட்டு, மூலையில் கிடந்த கோணிச் சாக்கில் ஏறிச் சுருண்டுகொண்டது. நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. சொல்ல நேரம் இருந்தது.