சாமி முடியில் பேன்

வேப்பெண்ணெயும் கிருஷ்ணாயிலும் ஊறிய பின்னல் வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். அதை வாசனை என்று எழுதுவது என் தலைமேல் எனக்கிருக்கும் பழைய பாசத்தால்தான். இரண்டாம் வகுப்பு படித்த காலம் முழுக்க அது எனக்கு ஓரடி முன்னால் நடந்துபோய், நான் வருவதை ஊருக்கு அறிவித்தது. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ஆண்பிள்ளையான எனக்கு இடுப்பைத் தொடும் பின்னல் இருந்தது. பின்னலுக்குள் பேன் இருந்தது. இருந்தது என்றால் போதாது, தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியது.

பின்னலுக்குக் காரணம் பக்தி. பிறந்த கையோடு எனக்கு மஞ்சள் காமாலை கண்டு, தேறுவேனா என்றிருந்தபோது, முதல் முடியைத் திருப்பதி மலைக்குத் தருவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். தேறிவிட்டேன். நேர்ந்த முடியில் அதுவரை கத்தரி படக் கூடாது. முதல் மொட்டை தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும். எனக்கிருந்த ஒரே தாய்மாமன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். திருப்பதியும் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். நடுவில் நின்றது ஒரு தண்ணீர் மோட்டார்.

அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, இரவல் கொடுத்த மோட்டாரை மாமா உள்ளே காயில் சுருள் எரிந்த நிலையில் திருப்பிக் கொடுத்தார். "மோட்டாரை எரிச்சவன் மடியில எம்புள்ளய உக்கார வெக்கணுமா?" என்றார் நைனா. எரிகிற நிலையில் இருந்ததைத் தந்துவிட்டுத் தன்மேல் பழி போடுவதாக மாமா ஊரெல்லாம் சொன்னார். யார் முதலில் வந்து கூப்பிடுவது என்பதில் வருஷங்கள் ஓடின. முடி மட்டும் எந்தக் கட்சியும் சேராமல் வளர்ந்துகொண்டே போனது.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. பேன் சீப்பு போட்டு வாரினாள், மடியில் கிடத்தி நகத்தில் குத்தினாள், வேப்பெண்ணெய் தடவினாள், சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பூசி என் கண்ணைச் சிவக்க வைத்தாள். கிருஷ்ணாயில் தேய்த்த நாட்களில் அடுப்புப் பக்கம் போகாதே என்று கத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் படுத்த அவள் தலையிலும் ஏறியது. அவளுடையதை நான் பார்க்க, என்னுடையதை அவள் பார்க்க, இருவரும் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டோம். நைனா தலையை யாரும் பார்க்கவில்லை. குடும்பத் தலைவரின் தலையில் பேன் தேடும் துணிச்சல் எங்கள் வீட்டில் எவருக்கும் கிடையாது. தெருப் பெண்களுக்கோ வேறு சந்தேகம். சாமிக்கு நேர்ந்த முடியில் இருப்பதும் சாமியைச் சேர்ந்ததுதானே, அதைக் கொல்லலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள்.

பள்ளியில் தெலுங்குப் பிள்ளைகள் "அம்மாயி வச்சிந்தி" என்று வரவேற்பார்கள். பொண்ணு வந்துட்டா என்று அர்த்தம். என் பெஞ்சில் நான் மட்டுமே உட்கார்ந்தேன். அரசர்களுக்கும் எனக்கும் மட்டுமே வாய்த்த வசதி அது. பிறகு சொறிந்த இடமெல்லாம் புண்ணாகி, சீழ் வைத்து, கழுத்தில் நெறி கட்டியது. டீச்சரம்மா பையை என் கையில் கொடுத்து, "பேலு போயாக்க ரா" என்றார். பேன் போன பிறகு வா.

அன்றைக்கு அம்மா முதலில் நைனாவிடம் அழுதாள். பிறகு தம்பி வீட்டு வாசலில் போய் நின்று அழுதாள். இரண்டு இடத்திலும் அவளுக்குக் கிடைத்தது மோட்டார் கதைதான். திரும்பி வரும் வழியில் எதிர்வீட்டுக்காரி, தன் மகளுக்கு ஒருமுறை வேர்க்கடலைச் செடிக்குத் தூவும் பூச்சி மருந்தைப் போட்டதாகவும் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்ததாகவும் சொல்லியிருக்கிறாள். அந்தத் தூள் எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது. செடியில் இருக்கிற பூச்சியும் பூச்சி, தலையில் இருக்கிறதும் பூச்சி. வேளாண்மைக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை.

"ஆட்டாத இரு, இன்னியோட உட்டுது சனியன்" என்று புண்ணான தலையில் அழுந்தத் தேய்த்து, துணி சுற்றிக் கட்டினாள். பேன்கள் உதிர்ந்தது உண்மை. அதை நாங்கள் எண்ணி மகிழ்வதற்குள் எனக்கு எச்சில் ஒழுகத் தொடங்கியது. வேர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்தேன். எதிரே நின்ற அம்மா மங்கலாகி, புகைக்குள் போனவள் மாதிரி தெரிந்தாள்.

எங்கள் பக்கத்தில் டிராக்டர் வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். நைனா ஓடிப்போய் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மோட்டாரைப் பற்றி இருக்காது. மாமா ஓட்ட, மட்கார்டில் உட்கார்ந்த நைனா என்னை நெஞ்சோடு பிடித்துக்கொள்ள, புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா மருந்து டப்பாவை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். என்ன போட்டாய் என்று டாக்டர் கேட்டதும் மறைக்காமல் எடுத்து நீட்டினாள். நான் பிழைத்து இன்று இதை எழுதுவது அதனால்தான். ஊசி ஏறியது. விஷம் இன்னும் முடியில் இருக்கிறது, உடனே வெட்டிச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றார் டாக்டர்.

"அது சாமி முடிம்மா" என்று அம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாய்மாமன் மடி இல்லாம வெட்டினா எம்புள்ளைக்கு எதுனா ஆயிடும்மா."

ஆக வேண்டியது ஏறக்குறைய ஆகியிருந்த நேரம் அது. நர்ஸ் திட்டவில்லை, விளக்கம் சொல்லவில்லை. திரும்பி அந்த இரண்டு ஆண்களையும் பார்த்தார்.

"மேனமாம எவுரு?"

தாய்மாமன் யார் என்று கேட்டதும் மாமா கை தூக்கினார், வகுப்பில் தூக்குவது போல.

"கூர்ச்சோ."

மாமா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் உறை மாட்டிய கையால் என்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். நைனா என் தலையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் கெட்டியாப் புடி மாமா, ஆடுது" என்றார் மாமா. அத்தனை வருஷத்தில் அவர் நைனாவிடம் பேசிய முதல் வார்த்தை. கத்தரி ஓடியது. பின்னலைத் துணியில் முடிந்து மலைக்கு எடுத்துப் போக அம்மா கேட்டாள். நர்ஸ் கொடுக்காமல் புதைக்கச் சொல்லிவிட்டு, மூன்று பேரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார். ஏழுமலையானுக்குப் போய்ச் சேர்ந்தது என் இரண்டாம் போகம்தான்.

இப்போது திருப்பதியில் குடியிருக்கிறேன். மாமாவும் நைனாவும் இல்லை. அந்தத் தூள் கடைகளில் கண்ணில் படுவதில்லை. என் தலையில் பேனுக்கு ஆசை காட்ட ஒன்றும் மிச்சமில்லை. போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து போனில் செய்தி வந்தது: பிள்ளைகளுக்குப் பேன் பரவுகிறது, வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு லோஷன் வாங்கி வந்து, சீட்டில் போட்டிருந்தபடி மகள் தலையில் தடவிவிட்டு, பத்து நிமிஷம் ஊற வேண்டும் என்றேன்.

அம்மா நாற்காலியை இழுத்துப் பேத்திக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "ஏதாச்சும் பேசிக்கினே இரு, கண்ணு" என்றாள். மகள் பள்ளி, சிநேகிதி, சிநேகிதியின் நாய் என்று தெலுங்கும் தமிழுமாகக் கொட்டினாள். அம்மா எச்சில் ஒழுகுகிறதா என்று அவள் உதட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மகள் கதை தீர்ந்து மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் அம்மா. "அப்புறம் என்னா ஆச்சு, சொல்லு, சொல்லு."