மூக்கைத் தொட்டால் சுகம், கை தூக்கினால் ஆபத்து

சந்தேகப்படுவதற்குத் தோட்டத்தில் நாட்சம்பளம் கிடையாது. கொடுத்திருந்தால், புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் விஜயகலா இந்நேரம் டவுனில் மாடி வீடு கட்டியிருப்பாள். கங்காணி சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்பாள். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்பாள். கோயில் பிரசாதத்தையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். சாமி கோவிக்காதா என்றால், "சாமியா சமைச்சுச்சு? பூசாரிதானே சமைச்சாரு" என்பாள். பூசாரியைத் தெரிந்தவர்கள் அதற்குமேல் பேச மாட்டார்கள்.

இது பிறவிக் குணமல்ல. தங்கச்சி சுகந்தினி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபிறகு வந்தது. போனில் எப்போது கேட்டாலும் சுகந்தினி, "நல்லாருக்கேன்க்கா" என்றாள். ஒப்பந்தம் முடியும்வரை அதே சொல், அதே குரல். திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கக்கூஸ் கழுவும் மருந்தின் வாடை தலைமுடிவரை ஏறியிருந்தது. "பக்கத்துலயே மேடம் நிக்கிறப்ப வேற என்னத்தக்கா சொல்றது?" என்றாள். அன்றிலிருந்து விஜயகலா அறவே நம்பாத சொல் ஒன்று உண்டென்றால், அது "நல்லாருக்கேன்".

அவளுடைய மகள் தனுஷிகா சின்ன வயதில் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓயாவில் குளிக்கப் போனால், கை காலை அசைக்காமல் மல்லாந்து கிடப்பாள். "ஏன்டி விஜயா, ஒம்மக பொணமாட்டம் மெதக்குறாளே" என்று பக்கத்து வீட்டு மூக்காயி பயந்து போவாள். அந்த மிதப்பைப் பார்த்துத்தான், நீச்சல் பழக்கும் சிங்கள மிஸ் ஒருவர் அவளைக் கொழும்பில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தார். முதல் லீவுக்கு வந்த மகளுக்கு எண்ணெய் வைக்கப்போன தாயின் கை அப்படியே நின்றது. தலையில் அதே வாடை.

"கக்கூஸ் கழுவச் சொல்றாங்களா?"

"இல்லம்மா. நீந்துற கொளத்துத் தண்ணிக்கு மருந்து போடுவாங்க."

"தண்ணிக்கு என்னடி சீக்கு, மருந்து போட?"

மகள் மெடல் கொண்டுவந்தாள். கடையில் வாங்கியதாக இருக்கலாம். வீடியோ காட்ட வந்தாள். "வீடியோவுல ஆனையவே பறக்க விடுறானுங்க, வேணாம்" என்று விஜயகலா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்படியே மகள் நீந்துவதை ஒருமுறைகூடப் பார்க்காமலே தாய் காலத்தை ஓட்டினாள்.

போன மாதம் அடுத்த செய்தி வந்தது. பாங்கொக்கில் சர்வதேச நீச்சல் போட்டியாம். பெண்களுக்கான நூறு மீட்டர் மல்லாக்கு நீச்சலுக்கு தனுஷிகாவைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். டிக்கெட் அவர்களே போடுவார்களாம், சாப்பாடும் அவர்களே. விஜயகலா ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள். சுகந்தினியை அனுப்பிய ஏஜெண்டும் இதே வரிசையில்தான் சொன்னான்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் வீடுகளில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. போகுமுன் குறிப்பு பேசி வைத்துக்கொள்வார்கள். போனில் "செவப்புக் கோழி முட்டை போடுதா?" என்று போனவள் கேட்டால், அங்கே அவளை அடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் போட்டிக்கு நடுவே கோழியை விசாரிக்க முடியாதே. பஸ் ஏறும் இடத்தில் விஜயகலா மகளின் காதைப் பிடித்துச் சொன்னாள்.

"போட்டிய லைவ்வா காட்டுவாங்கன்னு மிஸ் சொன்னாங்க, நான் பாப்பேன். மூக்கத் தொட்டா நல்லாருக்கன்னு எடுத்துக்குவேன். தொந்தரவுன்னா தலைக்கு மேல கையத் தூக்கு. தூக்குனியோ, அன்னிக்கே திரும்பக் கூப்புட்டுருவேன். அப்புறம் நீச்சலும் கெடையாது, கொழும்பும் கெடையாது."

தனுஷிகாவின் முகம் ஒரு மாதிரியானது. "அம்மா, கையின்னா..." என்று தொடங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது.

போட்டியன்று நல்ல மழை. பால் வெட்டு இல்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் போனுக்குச் சிக்னல் இருக்கும். விஜயகலாவும் மூக்காயியும் ஒரே குடைக்குள் நின்று, உள்ளங்கையளவு திரையில் நீலக் குளத்தைப் பார்த்தார்கள்.

"ஆளுக்கொரு வெள்ளச் சட்டக்காரன் நிக்கிறானே, ஏன்?"

"நடுவரா இருக்கும்டி."

"நடுவருன்னா ஒருத்தன் போதுமே. இது காவலு."

பெண்கள் தண்ணீருக்குள் குதித்தார்கள். நாலாவது வரிசையில் தனுஷிகா. சுவரோரக் கைப்பிடியைப் பற்றுவதற்கு முன், மூக்கில் மாட்டியிருந்த கிளிப்பை அழுத்தினாள்.

"மூக்கத் தொட்டுட்டா!" விஜயகலாவுக்கு மூச்சு வந்தது. "நல்லாருக்காக்கா!"

சத்தம் கேட்டது. எல்லாரும் பின்பக்கமாக வளைந்து பாய்ந்தார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து தனுஷிகா மேலே வந்தாள், முகம் வானத்தைப் பார்த்தபடி. வந்ததும் வராததுமாக வலது கை தலைக்கு மேலே உயர்ந்தது. பிறகு இடது கை. மறுபடியும் வலது.

"ஐயையோ! கையத் தூக்குறாளே! ரெண்டு கையையும் மாத்தி மாத்தித் தூக்குறாளே!"

"எல்லாக் குட்டிகளும்தான்டி தூக்குதுங்க."

"அப்ப எல்லாருக்குமே தொந்தரவு!"

மூக்காயி குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "ஏன்டி, மூக்கையும் தொட்டா, கையையும் தூக்குனா. ரெண்டும் செஞ்சா என்ன கணக்கு?"

அதை விஜயகலா பேசி வைக்கவில்லை. மகளோடு கூடப் போயிருந்த மிஸ்ஸுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்காததும் ஒரு சாட்சிதான். மகளைத் திரும்ப அழைப்பது என்று அங்கேயே முடிவு செய்தாள். விடுதியில் கிடக்கும் சாமான்களை யாரை அனுப்பி எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

அப்போது வீடியோ அழைப்பு வந்தது. திரையில் மிஸ்ஸின் தோளும், அதை ஒட்டி ஈரத் தலையோடு தனுஷிகாவும். கண் சிவந்திருந்தது. மிஸ் பக்கத்திலேயே நிற்கிறார், மேடம் நின்ற மாதிரியே.

"எப்படிடி இருக்க?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள் விஜயகலா.

"நல்லாவே இல்லம்மா! ஏழாவதா வந்தேன். திரும்புறப்ப செவத்த ஒழுங்கா ஒதைக்கல. நாளன்னைக்கு இன்னொரு போட்டியிலயும் நீந்தணும், இங்க சோத்துல உப்பே இல்ல. இந்த மிஸ் வேற காலையில இருந்து திட்டிக்கிட்டே இருக்காங்க." சொன்னதோடு விடாமல், மிஸ் பக்கம் திரும்பி, கடைசி வரியைச் சிங்களத்திலும் ஒப்பித்தாள். மிஸ் சிரித்துக்கொண்டே, "ஓவ் அம்மே" என்று ஒப்புக்கொண்டார்.

விஜயகலா தொட்டிச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"புள்ள அழுவுது, நீ சிரிக்கிற" என்றாள் மூக்காயி.

"மிஸ்ஸ பக்கத்துல வச்சுக்கிட்டே மிஸ்ஸப் பத்திக் கோள் சொல்றா பாருக்கா. இவள யாரும் அடைச்சு வைக்கல."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நெருங்கினாள். "அது சரி, ஏழாவதுன்னு யாரு சொன்னா? எல்லாரும் வானத்தப் பாத்துக்கிட்டுல்ல போனீங்க. வெள்ளச் சட்டக்காரன் சொன்னதுதானே?"

"அம்மா!"

"சரி விடு. நாளன்னைக்கும் நீந்தணும்னியே, நீந்து. குறிப்ப மாத்திக்குவோம். கையத் தூக்கிக்கிட்டே இருந்தா நல்லாருக்க. கைய நிப்பாட்டுனா தொந்தரவு."

"கைய நிப்பாட்டுனா முங்கிருவேம்மா."

"அதத்தான்டி நானும் சொல்றேன்."