அம்மாவின் கரப்பானும் அப்பாவின் பொய்யும்

என் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. யுத்த காலத்தில், வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஊருக்குத் திரும்பிய மறுநாளே ரேஷன் ஆபீஸுக்குப் போய், "எங்காத்துல ஒரு ஆள் குறைஞ்சாச்சு" என்று தானே சொல்லிவிட்டு வந்த மனுஷர். கேட்டவனே சிரித்தானாம். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அப்படிப்பட்டவர் எதிர்வீட்டு மாமியின் முகத்துக்கு நேரே நின்று புளுகினார். அதை என் கண்ணால் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது.

எல்லாம் அம்மாவின் கையில் வந்த கரப்பான் வியாதியால் நடந்தது.

பம்பாய் மாதுங்காவில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான். முதலில் அம்மாவின் விரலிடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் வந்தன. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. சொறிந்தால் நீர் கசியும், காய்ந்தால் தோல் வெடிக்கும். புளி கரைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்பாள். தாதரில் இருந்த டாக்டர் ஒரு மஞ்சள் களிம்பு கொடுத்தார். களிம்பு என்ன செய்யும், பாவம்! எங்கள் வீடுகளில் பத்து என்று ஓர் ஆசாரம் உண்டு. சாதப் பானையைத் தொட்ட கையால் தயிரைத் தொடக்கூடாது, நெய்யைத் தொடக்கூடாது, கையலம்பிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். சமையல் முடிவதற்குள் அம்மா எத்தனை தடவை மோரிக்கு ஓடுவாளோ! பம்பாயில் பாத்திரம் தேய்க்கும், குளிக்கும் மூலைக்கு மோரி என்று பெயர். டாக்டர் கொடுத்த களிம்பெல்லாம் அந்த மோரிக்குத்தான் போயிற்று.

"தொத்திக்கப் போறதுடி, கொழந்தையைத் தொடாதே" என்று எதிர்வீட்டு மாமி ஒருநாள் சொல்லிவைத்தாள். அது தொத்தும் வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து என்னைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். தலைகூடப் பின்னிவிட மாட்டாள். காலையில் மாமிதான் சீப்போடு வந்து, மண்டை வலிக்க இழுத்துப் பின்னிவிட்டுப் போவாள். எனக்குத் தலைவலி பெரிதில்லை. அம்மா கை மேலே படாமல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது? பள்ளிக்கூடம் போகும் பெண்தான், ஆனாலும் ஏங்கிப்போனேன்.

மாதாமாதம் அம்மா வெளியே உட்காருவாள். வெளியே என்ன வெளியே? பம்பாயில் அதற்கெல்லாம் இடம் ஏது? ஜன்னலடியில் ஒரு பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. அந்த மூன்று நாளும் அவளை யாரும் தொடக்கூடாது, அவளும் எதையும் தொடக்கூடாது. அப்பா சமைப்பார். மாமியார், நாத்தனார் இல்லாத தனிக்குடித்தனங்களில் அதுதான் வழக்கம், யாரும் சிரிக்க மாட்டார்கள். அம்மா மூலையில் உட்கார்ந்து, கிண்ணத்துத் தேங்காய் எண்ணெயைக் கையில் தடவித் தடவிப் பொழுதைப் போக்குவாள்.

ஒரு தடவை மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"உனக்குத் தண்ணிதான் ஆகலை. கொஞ்ச நாள் நான் சமைக்கறேன், நீ சும்மா இரு."

"நன்னாருக்கு! நான் கல்லுகுண்டாட்டமா உக்காந்திருப்பேன், நீங்க கரண்டி பிடிப்பேளா? பில்டிங் பூரா சிரிக்கறதுக்கா?"

பத்தை விட்டுவிடு என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. சொன்னாலும் அம்மா கேட்கப்போவதில்லை. மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வாரம் முடிவதற்குள் கை பழையபடி வெடித்து, துடைத்த துணியெல்லாம் ரத்தம்.

அடுத்த மாதம் நாலாம் நாள் காலை நான் எழுந்தபோது அம்மா இன்னும் மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் மாமி, கையில் சீப்பு.

"என்ன, உங்காத்துல இன்னும் குளிக்கலையா?"

அப்பா கரண்டியோடு வந்து நின்றார். "இல்லை மாமி. இன்னும் வெளிலதான்."

அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அழுகைதான் வந்தது.

நாலு போய் ஐந்து, ஆறு என்று நாள் ஓடியது. கட்டடத்துப் பெண்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். மாமி ஒரு வாழைப்பூவைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "பாவம், ஜாஸ்தியா போறது போலிருக்கு. உசிலி பண்ணிக் குடுங்கோ, நிக்கும்" என்றாள். அப்பா தலையைக் குனிந்தபடியே வாங்கிக்கொண்டார். வாழைப்பூவை ஆய்வது லேசுப்பட்ட வேலையா? விரலெல்லாம் கறுப்பாகி, அந்தக் கறையோடே கோட்டு போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். உசிலி நன்றாகத்தான் இருந்தது. அம்மா சிரிப்பை அடக்க மாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிட்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்.

அந்தக் கைகளை நான் எட்ட உட்கார்ந்து தினமும் பார்த்தேன். செதில் உதிர்ந்தது. அதன் கீழே, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி, ரோஸ் நிறத்தில் புதுத் தோல் வந்தது. அம்மாடி! யாரும் ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் தடவி, தண்ணீர் படாமல் சும்மா விட்டார்கள், அவ்வளவுதான். கோயிலில் தீபாராதனை பார்க்கும்போதுகூட நான் அப்படி வாய் பிளந்து நின்றதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மோரியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்து, "இங்க வாடி" என்றாள்.

"மாட்டேன். தீட்டு."

"தீட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாலாம் நாள் விடியக்காலமே குளிச்சாச்சு. இது உங்கப்பா பண்ற கூத்து. வா."

தலையில் போர்த்திய முந்தானை அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஈரத் தலையை மறைத்திருக்கிறாள்! நான் ஓடிப்போய் மடியில் விழுந்தேன். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். சொரசொரப்பே இல்லை. நான் அழுதேன், அவளும் அழுதாள். அப்புறம் என்னைத் திருப்பி உட்காரவைத்துத் தலை பின்னினாள். ஒரு முடிகூட அவள் விரலில் சிக்கவில்லை.

பின்னி முடித்து நான் எழுந்ததுதான் தாமதம், கதவு திறந்து மாமி வந்தாள், சீப்போடு. அம்மா சட்டென்று பாயில் ஒடுங்கிக்கொண்டாள். மாமி என் பின்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி என் பின்னலைப் பார்த்தாள்.

"யாருடி தலை பின்னிவிட்டா?"

"அப்பா" என்றேன்.

"உங்கப்பாவா? ரெட்டைப் பின்னலா?"

மோரியிலிருந்து அப்பா எழுந்து வந்தார். வேஷ்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையெல்லாம் சாம்பல், நகத்தில் இன்னும் வாழைப்பூக் கறை. என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. காது சிவந்தது.

"ஆமாம் மாமி" என்றார் அப்பா. "பழகிண்டேன்."