கல்பகம் எங்கேயும் போக மாட்டாள்

அந்த ஆய்வுக்கூடத்தில் யார் வேலையை விட்டுப் போனாலும் கல்பகத்தின் தலையில் ஒரு உலை வந்து விழும். அங்கே அதுதான் வழக்கம். உலை என்றால் ஒரு எஃகுக் குழாய்; அதற்குள் வினையூக்கியை நிரப்பி, மேலே சூடான எண்ணெய் ஆவியை இரவும் பகலும் ஓட விடுவார்கள். எத்தனை மாதம் வினையூக்கி சோராமல் தாங்குகிறது என்பதுதான் சோதனை. நடுவில் நிறுத்தினால் உழைப்பெல்லாம் வீண். ஆகவே போகிறவர் ஓடும் உலையை இருக்கிறவரிடம் ஒப்படைப்பார். கேன்டீனில் முட்டை பப்ஸும் சமோசாவும் தின்று, கைதட்டி, வழியனுப்புவார்கள்.

இருக்கிறவர் எப்போதும் கல்பகம்தான்.

திருச்சிக்காரி, சென்னையில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். கணவர் ஜகதீசனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததால் ஹைதராபாத் வந்து குகட்பள்ளியில் குடியேறினாள். தாவர எண்ணெயிலிருந்து எரிபொருள் எடுக்க நாலைந்து ஊர் ஆய்வுக்கூடங்கள் கைகோர்த்து ஒரு வினையூக்கித் திட்டம் தொடங்கியபோது, அதில் முதலில் சேர்ந்தவர்களில் அவளும் ஒருத்தி.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரோகிணி சாஃப்ட்வேர் பக்கம் தாவினாள். ஒருவர் பட்டான்செரு மருந்து ஆலைக்குப் போனார். கல்பகத்திடம் வேலை பழகிய வாணியம்பாடி இர்பான் ஜெர்மனிக்குப் பறந்தான். ஒவ்வொரு விருந்திலும் திட்டத் தலைவர் லக்ஷ்மிநாராயணன் ஒரே பேச்சைப் பேசுவார்: "நம்ம பசங்க உலகம் பூரா போறாங்க. எனக்குக் கவலையே இல்ல. கல்பகம் மேடம் எங்கயும் போக மாட்டாங்க." எல்லோரும் கைதட்டுவார்கள். இவள் அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போனாள். எவ்வளவு பெரிய ஏமாளி!

2008-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இர்பான் போன் செய்தான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இங்க எங்க புரொபசர் சாப்பிடறப்ப சொன்னாரு. ரெண்டு வருஷம் முன்னாடி அவரு மொதல்ல கேட்டது உங்களத்தானாம். உங்களால வர முடியாதுன்னு நம்ம லக்ஷ்மிநாராயணன் சார் சொல்லிட்டாராம். அப்புறந்தான் என் பேரே வந்துருக்கு. நீங்க ஏன் மேடம் வேணாம்னீங்க?"

 வேண்டாம் என்றாளா? யார் கேட்டார்கள் அவளை? "இப்ப இடம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான் இர்பான். அந்த வேலையே முடியப்போகிறதாம்.

அந்த வாரம் கணேஷ்குமாருக்கு வழியனுப்பு விழா. மும்பைக் கம்பெனி ஒன்றுக்குப் போகிறான். வழக்கம்போல லக்ஷ்மிநாராயணன் எழுந்து, "கணேஷோட உலையையும் நம்ம மேடமே..." என்று தொடங்கினார்.

"எனக்கு வேண்டாம் சார்."

சமோசாவைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. கல்பகம் எழுந்தாள். "ஜெர்மனியில இருந்து என்னைக் கேட்டப்ப, நான் வரமாட்டேன்னு நீங்க எப்படிச் சொன்னீங்க?"

அவர் முகம் கறுத்தது. ஆனால் தப்புச் செய்தவர் முகம் அல்ல அது. "நான் என் இஷ்டத்துக்கு ஒண்ணும் சொல்லலம்மா. ஜகதீசனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவர்தான் முடியாதுன்னார். குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இர்பானை அனுப்பறப்ப அவன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணீங்களா சார்?"

 கணேஷ்குமார் தலை குனிந்துகொண்டே போய்த் தன் உலையைத் தானே அணைத்தான்.

அன்று ராத்திரி வீட்டில் கேட்டபோது ஜகதீசன் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப அனுவுக்கு மூணு வயசு. உன்கிட்ட சொன்னா போகணும்னு நிப்ப. வீணா எதுக்கு ஆசையைக் கிளப்பறதுன்னு விட்டுட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

உன் நல்லதுக்குத்தான்! அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருக்கலாம். இதற்கு என்ன செய்வது? ரெண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், மூச்சு விடவில்லையே என்று குமைந்தாள். அவள் வாழ்க்கையை இரண்டு ஆண்கள் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் மடித்துவைத்த சட்டையைப் பார்த்தால்கூட அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருஷம் பரோடாவில் வினையூக்கி தயாரிக்கும் ஒரு கம்பெனியோடு தானே பேசினாள், தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆராய்ச்சிப் பிரிவை அவளிடமே ஒப்படைப்பதாகச் சொன்னார்கள். ஜூன் மாதம் வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள்.

ஜகதீசன் தட்டில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா கல்பகம்?"

அவருக்கு நிஜமாகவே வலித்தது. அது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் இரக்கம் வரவில்லை. அருகில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் அனுபமாவின் பக்கம் திரும்பினாள்.

"அனு, அம்மா வேலைக்குப் பரோடா போறேன். நீ என்கூட வர்றியா, இங்கயே அப்பாகூட இருக்கியா? நீயே யோசிச்சுச் சொல்லு."

பள்ளிக்கூடத் தெலுங்கிலேயே எப்போதும் பதில் சொல்லும் குழந்தை, "டாடி ராடா?" என்றாள், அப்பா வரமாட்டாரா என்று.

"அவர் பதிலை நான் எப்படிச் சொல்றது? அவரையே கேளு."

அனுபமா அப்பாவைப் பார்த்துத் திரும்பவும் அதையே கேட்டாள். பெண்டாட்டிக்குப் பதிலாக ஒரே போனில் முடியாது என்று சொன்ன மனிதருக்கு, தன் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை.