சூப்பர்பேர்ட் கூரையின் வலது பக்கம்

1996 ஏப்ரல் 5, பெரிய வெள்ளி. ஒக்லாந்து விமான நிலையத்தில் இறங்கியபோது பகல் பன்னிரண்டரை. மெல்பேணிலிருந்து மூன்றரை மணி நேரம். கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவிட்டு நேரே தொலைபேசிக்கு ஓடினேன். ஊரின் மேற்கே ஹென்டர்சனில் இருக்கும் பட்டறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. இரும்பு இழைக்கும் கிரைண்டர் ஓடும்போது அருளப்புவுக்கு இடி விழுந்தாலும் கேளாது.

ஊர் பார்க்க வந்த பயணம் அல்ல இது. என் வாய்க்கொழுப்பு என்னை இழுத்து வந்த பயணம்.

அருளப்பு மன்னார்க்காரர். ஒரு காலத்தில் கொழும்பில் நானும் அவரும் ஒரே கராஜில் டிங்கர் வேலை செய்தோம். இப்போது நான் மெல்பேணில் அடிபட்ட கார்களுக்கு மதிப்புப் போடுகிறேன். அவர் ஹென்டர்சனில், கிரெய்க் என்ற வெள்ளைக்காரரின் பட்டறையில், வேலை விசாவில் இருக்கிறார். அந்த விசா முடிய இன்னும் ஏழு கிழமை. கிரெய்க்கிடம் 1970ஆம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்று, சூப்பர்பேர்ட், கிடந்தது. அதை ஓர் அமெரிக்கர் வாங்கினால் பட்டறை தப்பும், அருளப்புவின் நிரந்தர வேலைக் கடிதத்திலும் கையெழுத்து விழும் என்பது பேச்சு. வாங்குபவரின் ஆள் சனி காலை ஒன்பதுக்குப் பார்க்க வருகிறார்.

மூன்று கிழமைக்கு முன் அருளப்பு தொலைபேசியில் கேட்டார். "கூரைக்கு மேலை ஒட்டின வினைல் உறையைக் கழட்டினா உள்ளுக்கை வெல்டிங் எல்லாம் பன்றி கிண்டின நிலம் மாதிரிக் கிடக்குது. என்ன செய்யிறது?"

"வடிவா இழைச்சு, பட்டி பூசி விடுங்கோ," என்றேன். எனக்குத் தெரியாத கார் உண்டா என்ற திமிர்.

வியாழன் இரவு, இரவல் வாங்கிய சஞ்சிகை ஒன்றைப் புரட்டும்போதுதான் என் மண்டையில் அடித்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்து ஓட்டப் பந்தயங்களில் கடையில் விற்கும் கார் வகைதான் ஓடலாம். ஆகவே காற்றைக் கிழிக்கும் கூர் மூக்கும், ஆள் உயரத்துக்குக் கிட்டவாக நிற்கும் பின் இறக்கையும் வைத்த கார்களைத் தெருவுக்கும் விற்றார்கள். முதலில் டேடோனா, அடுத்த வருடம் சூப்பர்பேர்ட். குழிந்த பின் கண்ணாடியில் காற்று சுழன்று வேகத்தைக் குறைத்ததால், அதைச் சுற்றித் தகடு வைத்துச் சமப்படுத்தினார்கள். சூப்பர்பேர்டில் அந்தத் தகட்டை அவசரத்தில் ஒட்டிய அலங்கோலத்தை மறைக்கத்தான் கறுப்பு வினைல். பிறகு விதிகள் மாறின, இறக்கைக் கார்கள் பந்தயத்தை விட்டுப் போயின. விற்காத கார்களுக்கு மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரணக் காராக்கிய முகவர்களும் உண்டு. இன்று போலிகளும் உண்டு. அசலா போலியா என்று பார்க்க வருபவர்கள் தேடும் இடங்களில் ஒன்று அந்த அசிங்கமான வெல்டிங். அதைத்தான் நான் இழைக்கச் சொல்லியிருந்தேன்.

அன்றிரவே பட்டறைக்கும் வீட்டுக்கும் மாறி மாறி அடித்தேன், விடியற்காலை முதல் விமானம் ஏறும்வரையும் அடித்தேன். பதில் இல்லை.

டாக்சிக்காரர், விமான நிலையத்துக்குக் கிட்டப் பாபடோயிட்டோயில் இருக்கும் முனிசாமி, பீஜித் தமிழர். ஹென்டர்சனுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். நாற்பத்திரண்டு டொலர் என்றார். பேரம் பேச எனக்கு நேரமில்லை. மாங்கரே பாலம், ஒனஹங்கா, அவொண்டேல் என்று வெறிச்சோடிய ஊர் வழியே போனோம். ஆளில்லாத சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு அவர் நின்றபோது எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

"இன்னைக்கு எல்லாம் மூடி. உங்க ஆள் வேலை செய்ய மாட்டாரு," என்றார் முனிசாமி.

"அவர் நத்தார் லீவிலையும் வேலை செய்யிற மனுசன்."

"ஆமா? அப்ப நாம சீக்கிரம் போறோம்," என்று சொல்லி அதே வேகத்தில் போனார்.

ஒன்றரைக்குப் பட்டறை. கதவில் பூட்டு. தூசிக் கண்ணாடி வழியே பார்த்தேன்: கூர் மூக்கு தெரிந்தது, இறக்கை தெரிந்தது. கூரையின் மேல் படுக்கை விரிப்பு போர்த்திக் கிடந்தது. வேலை முடிந்தால்தான் அருளப்பு போர்த்துவார். அடுத்த தெருவில் அவர் வாடகை வீடும் பூட்டு. வாசல் படியில் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தேன். என் புத்தியை நானே திட்டித் தீர்த்தேன்.

நாலேகாலுக்கு வெள்ளைச் சட்டையில் அருளப்புவும், மனைவி ஸ்டெல்லாவும் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து கோயிலால் வந்தார்கள்.

"என்ன, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறியள்? வாங்கோ, கஞ்சி குடிப்பம்."

"கஞ்சி கிடக்கட்டும். கூரையை முடிச்சிட்டியளோ?"

"முதல் கஞ்சி," என்றார் ஸ்டெல்லா. காலையிலிருந்து இருவரும் பட்டினி. அவர்கள் குடிக்கும் வரை நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் விரிப்பை நீக்கினார். இடது பக்கம் கன்னம் போல வழுவழுப்பு, எங்கே ஒட்டியது என்றே தெரியவில்லை. சுற்றி மற்றப் பக்கம் ஓடினேன். வலது பக்கம் அப்படியே கிடந்தது, கட்டி கட்டியாக, அமெரிக்கர்கள் விட்டபடி.

"இது ஏன் செய்யேல்லை?"

"நேற்றுப் பின்னேரம் இடப் பக்கம்தான் முடிஞ்சுது. பெரிய வெள்ளியிலை நாங்கள் இரும்பிலை கை வைக்கிறேல்லை, அதுதான் போர்த்திப்போட்டு வந்தனான். நாளைக்கு விடிய அஞ்சுக்கு வந்து முடிச்சுப் போடுவன்."

நான் நிலத்திலேயே குந்திவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். அவர் இடது பக்கத்தைத் தடவினார்.

"அப்ப நான் வடிவாச் செய்ததுதான் பிழையோ?"

நான் எழும்பி, நடந்ததைச் சொல்லக் கிரெய்க்குக்குத் தொலைபேசி அடித்தேன்.

சனி, ஒன்பது மணி. வந்தவர் டோர்ச் அடித்து நாற்பது நிமிடம் பார்த்தார். இடது பக்கத்தில் முகம் சுருங்கியது. கிரெய்க் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். அருளப்பு கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, கோட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல நின்றார். வந்தவர் வலது பக்கத்துக்குப் போய் அந்தக் கட்டிகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அசல் என்பதற்கு இந்த ஒரு பக்கம் போதும், வாங்கலாம் என்று தலையாட்டினார். பத்தரைக்குக் கிரெய்க் அந்தக் கூர் மூக்கின் மேல் கடதாசியை வைத்து அருளப்புவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

பின்னேரம் புது வினைல் ஒட்டும் நேரம். பசை வாளியைத் தூக்கிய அருளப்பு அதைத் திரும்ப வைத்தார்.

"இதை என்ரை வேலையெண்டு ஆரும் நினைச்சா?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வலது பக்கத் தகட்டில் குனிந்து எழுதினார்: 'இந்தப் பக்கம் நான் செய்யேல்லை. அருளப்பு, மன்னார்.' அதன் மேல் பசை பூசி வினைலை இழுத்து ஒட்டினார்.

ஞாயிறு மாலை விமானத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவர்கள் அருளப்புவும் ஸ்டெல்லாவும்தான். மெல்பேணில் நான் மதிப்புப் போடும் கார்களில் ஒட்டுத் தெரிந்தால் விலையைக் குறைப்பேன். அதுதான் என் தொழில். என்றைக்கோ அமெரிக்காவில் ஒருவன் அந்த வினைலை உரிப்பான், அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனால் பல கிழமையாக நித்திரை இல்லாதிருந்த அருளப்பு அந்தச் சனி இரவுதான் நல்லாய் நித்திரை கொண்டார் என்று விமான நிலையத்தில் ஸ்டெல்லா சொன்னார்.