பார்க்காமலே வாங்குகிறவர்கள்

பழைய சாமான் விற்றுக் கொடுக்கிற தொழிலில், சாமானைவிட அதை வாங்குகிறேன் என்று போன் பண்ணுகிறவர்களைத்தான் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து எடை போட வேண்டும்.

தாராவியில் ஒரு சந்துக்குள் எனக்கு ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை. கடை என்று பெயரே தவிர, உள்ளே விற்பதற்கு எதுவும் இருக்காது. ஒரு மேஜை, இரண்டு போன், போட்டோவுக்குப் பின்னால் பிடிக்க ஒரு வெள்ளைத் துணி. உங்கள் வீட்டு மிக்சியையோ சைக்கிளையோ விற்க வேண்டுமென்றால் நான் வந்து போட்டோ எடுத்து, நாலு வரி எழுதி, இணையச் சந்தையில் போட்டு, வருகிற போன்களுக்கெல்லாம் பதில் சொல்லி விற்றுத் தருவேன். விற்றால் எனக்குக் கமிஷன். விற்காவிட்டால் ஒரு டீ. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று ஒன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு.

நீங்களும் எப்போதாவது ஒரு பழைய பிரிட்ஜை இப்படி விற்கப் பார்த்திருப்பீர்கள். விளம்பரம் போட்ட இரண்டாவது நிமிஷமே போன் அடித்திருக்கும். நம் பிரிட்ஜுக்கு இவ்வளவு கிராக்கியா என்று மனசு குளிர்ந்திருக்கும். அந்த இரண்டாவது நிமிஷத்து ஆட்களைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அவர்களைத் திட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் உள்ளதைச் சொன்னால், அவர்கள் சாமர்த்தியத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்த நாட்கள்தான் அதிகம். அவர்களிடம் மாட்டியும் அசராத மனுஷர்களைப் பார்த்துப் பிளந்தது அதைவிட அதிகம்.

பேரம் பேசாத மனுஷன்

மாட்டுங்காவில் ஒரு மாமி, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டை அடைத்துக்கொண்டிருந்த சோபா செட்டை விற்கச் சொன்னார். ஒன்பதாயிரம் என்று போட்டேன். மாமி கொடுத்த காபி ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது. தான் ராணுவத்தில் இருப்பதாகவும், மும்பைக்கு மாற்றல் ஆகியிருப்பதாகவும், சோபா ரொம்பப் பிடித்திருப்பதாகவும் ஒருவர் இந்தியில் சொன்னார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பணத்தை இப்போதே அனுப்புகிறாராம், மத்தியானம் வண்டி வருமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாமி போனை என் கையிலிருந்து வாங்கினார். விளம்பரத்தில் விலை தப்பாக விழுந்துவிட்டது, பன்னிரண்டாயிரம் என்றார். "நோ பிராப்ளம் மேடம்" என்றார் அந்த ஆள். இல்லையில்லை, பதினைந்து என்றார் மாமி. "நோ பிராப்ளம் மேடம்." மாமி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "ஒம்பதுன்னாலும் சரிங்கறான், பதினஞ்சுன்னாலும் சரிங்கறான். குடுக்கற எண்ணமே இல்லாதவனுக்கு எந்த விலையா இருந்தா என்னடி, செல்வி?"

போணி

மாமி சொன்னதை அன்றைக்கே சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. அதற்கான தண்டனை எனக்கு வந்திருந்தால் பரவாயில்லை. ஜமீலாக்காவுக்கு வந்தது.

ஜமீலாக்காவுக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். எங்கள் சந்தின் கடைசி மாடியில், ஒரே அறையில், தோல் பை தைக்கிறார். முதல் தடவையாக அவருக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. இருநூறு பை. பழைய மெஷின் இரண்டு பைக்கு ஓர் ஊசியை முறிக்கிறது. புது மெஷின் நாற்பதாயிரம். கையில் சேர்த்து வைத்தது இருபத்திரண்டு, பழைய மெஷினை விற்றால் பதினெட்டு. கணக்கு சரியாக வந்தது. அந்த வாரமே விற்றாக வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் அடுத்த சந்துக்குப் போய்விடும். "நீ பாத்துக்கிடுவேல்லா" என்று என்னிடம் வந்தார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடை திறந்ததும் வருகிற முதல் வியாபாரம் போணி. முதல் கிராக்கியை எங்கள் ஆட்கள் திருப்பி அனுப்ப மாட்டார்கள். லாபமே இல்லாவிட்டாலும் கொடுத்துவிட்டு, அந்த முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். போணியைத் தட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் நொண்டும் என்று நம்பிக்கை. மும்பையில் மார்வாடி, மராத்தி, நாங்கள் எல்லோருக்கும் இதில் ஒரே மதம்தான்.

மறுநாள் காலை ஒன்பதரை. வாசலில் தண்ணீர் தெளித்து ஊதுபத்தி ஏற்றியிருந்தேன். ஜமீலாக்கா என் எதிரே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. "தீதி, இன்றைக்கு உங்கள் போணி என் கையால்தான்" என்று, அக்கா முறை வைத்து, இந்தியில் சொன்னது ஒரு தேன்குரல். மெஷின் வேண்டுமாம். விலை சம்மதமாம். நேரில் பார்க்கத் தேவையில்லையாம். முதலில் போணிக்காக என்று ஜமீலாக்காவின் போனுக்குப் பத்து ரூபாய் அனுப்பினான். உண்மையிலேயே வந்துவிட்டது. அவர் பிஸ்மி சொல்லியும் நான் முருகா என்றும், போனை வாங்கி ஆளுக்கொரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டோம். போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மடச்சிகள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

அடுத்ததாகக் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் படம் அனுப்பினான். அதை ஸ்கேன் பண்ணி, ரகசிய பின் நம்பரைப் போட்டால் பதினெட்டாயிரம் வந்து விழுமாம். ஜமீலாக்கா விரலை நிறுத்தினார். "ஏட்டி, காசு வாங்குததுக்கு எதுக்கு நம்பர் போடணும்?" என்று கேட்டார். எப்பேர்ப்பட்ட கேள்வி! ஒன்பது வருஷ அனுபவசாலியான நான் சொன்ன பதில் இது: "போணி நேரத்துல கேள்வி கேக்காதீயக்கா. அமுக்குங்க." அமுக்கினார். பதினெட்டாயிரம் வரவில்லை, போனது.

உடனே சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் பேங்குக்கும் பேசினோம், போலீஸில் எழுதிக் கொடுத்தோம். எல்லாம் முடிந்து திரும்பி நடக்கும்போது என்னை நானே திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் ஒரு பக்கம் பிரமிப்பு. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு, எங்கள் சந்தில் ஊதுபத்தி ஏற்றுகிற நேரம் எப்படித் தெரிந்தது? எங்களால் எந்த நேரத்தில் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று அழுதேன். ஜமீலாக்கா நின்று, தன் வலது கை விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சொன்னது நீ. அமுக்குனது என் வெரலுல்லா. என் வெரலுக்கு நீ எதுக்குட்டி காசு குடுக்க?"

ஒரே சட்டை

அதற்குப் பிறகு என் கைக்கு ராசி போய்விட்டது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். காலையில் கடையைத் திறந்தாலும் போனை எடுக்க மாட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடை வேலு தன் முதல் வியாபாரத்தை முடிக்கிற வரை காத்திருந்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

ஆனால் ஒரு வைராக்கியம் மட்டும் வந்தது. நம்பிக்கைக்காக என்று இந்த ஆட்கள் ஆளுக்கொரு அடையாள அட்டை அனுப்புவார்கள். அட்டை அனுப்பச் சொல்லி நாம் கேட்கவே மாட்டோம், தானாக வரும். உண்மையில் சோபா வாங்க வருகிறவன் யாராவது கேட்காமல் அடையாள அட்டையை நீட்டுவானா? வந்ததையெல்லாம் வேலுவிடம் கொடுத்து அச்செடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். அதில் மூன்று அட்டைகளில் ஒரே மீசை, ஒரே சிரிப்பு. யாரோ ஒரு அப்பாவியின் படத்தைத் திருடி, மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சு அவ்வளவு சுத்தம், முத்திரை அவ்வளவு பளிச். வேலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பேரு மூணு, ஊரு மூணு, சட்ட மட்டும் ஒண்ணு. தொவைக்கக்கூட நேரம் கெடைக்கல போல, பாவம்."

மூன்று கதவு

அணுசக்தி நகர் பக்கம், அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரிய இன்ஜினியர், வீட்டில் துணி காயப்போட மட்டும் பயன்பட்டுவந்த உடற்பயிற்சி சைக்கிளை விற்கச் சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் நம்பரோடு போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் அவருக்கே நேராக லிங்க் அனுப்பியிருந்தார். பணத்தைக் கூரியர் கம்பெனியில் கட்டிவிட்டாராம், லிங்க்கைத் திறந்து கார்டு விவரத்தை நிரப்பினால் பணம் வந்து சேருமாம். பக்கம் அவ்வளவு லட்சணமாக இருந்தது. கம்பெனி சின்னம், சைக்கிளின் படம், பச்சை நிறத்தில் ஒரு டிக். சார் பதினாறு எண்ணையும் நிரப்பிவிட்டு, கார்டின் பின்னால் இருக்கிற மூன்று எண்ணுக்காகக் கார்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஜமீலாக்காவின் கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்தது. "சார், காசு வாங்குறதுக்கு எதுக்கு இதெல்லாம் போடணும்? அவங்க காசு போடணும்னா உங்க போன் நம்பரே போதுமே." சாருடைய கை அப்படியே நின்றது. உடனே பேங்குக்குப் பேசி அந்தக் கார்டை முடக்கினார். பிறகு கார்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "நான் வேலை பார்த்த இடத்துல உள்ள போகணும்னா மூணு கதவும்மா, மூணு செக்கிங். முப்பது வருஷம் பொறுமையா நின்னிருக்கேன். என் கார்டுக்குள்ள ஒருத்தன் வரான்னா, நானே கதவைத் திறந்து பிடிச்சுட்டு நிக்கிறேனே!"

கையில் வாங்கியது

ஜமீலாக்காவின் ஆர்டர் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் மாடிப் பக்கம் தலைகாட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. ஒருநாள் படியில் கால் வைத்தபோது மேலே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பழைய மெஷின்தான். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய முறிந்த ஊசிகள். ஆர்டர் கொடுத்தவரிடம் பத்து நாள் தவணை கேட்டு வாங்கிவிட்டு, இருக்கிற மெஷினிலேயே தைக்க ஆரம்பித்திருந்தார். நான் வாசலில் நின்று விழித்ததைப் பார்த்துச் சிரித்தார். "பாக்காமலே வாங்குதேன்னான்லா? நல்லதாப் போச்சு. பாத்திருந்தாம்னா இதையுல்லா தூக்கிட்டுப் போயிருப்பான்!"

இருநூறு பையும் தவணைக்குள் போய்ச் சேர்ந்தன. நாங்கள் தாமதிக்காமல் புகார் கொடுத்ததால், பேங்க் வழியில் நிறுத்திப் பிடித்த பாதிப் பணம் பின்னால் திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். கூலி கைக்கு வந்ததும் ஜமீலாக்கா மறுபடியும் என் கடைக்கு வந்தார். புது மெஷின் வாங்குவதற்காகப் பழைய மெஷினை விற்கணுமாம். வேறு ஆளைப் பாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அசையவில்லை. தானே சொல்லச் சொல்ல விளம்பரத்தில் என்னை எழுத வைத்தார். வாங்குகிறவர் நேரில் வர வேண்டும். சொந்தத் தோல் கொண்டுவந்து தைத்துப் பார்க்க வேண்டும். போணி கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது நிமிஷம் போன் வந்தது. பத்து ரூபாய் அனுப்பவா என்று கேட்டது வேறொரு தேன்குரல். நான் போனைத் தள்ளி வைக்கப் போனேன். ஜமீலாக்கா போனைப் பிடுங்கி, பம்பாய் இந்தியில் ஒரு போடு போட்டார். "போஹ்னி ஹாத் மே லேதே ஹை, பாய். ஹாத் லேகே ஆவோ." போணியைக் கையில்தான் வாங்குவோம், கையைக் கொண்டு வா என்று அர்த்தம். தேன்குரல் போனை வைத்துவிட்டது.

நாலாம் நாள் காலை, நான் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே விக்ரோலியிலிருந்து ஓர் அம்மா வந்து நின்றார். கையில் உள்ளங்கையளவு தோல். மாடிக்குப் போனோம். அவர் உட்கார்ந்து தைத்தார், திருப்பிப் பார்த்தார், நூலை இழுத்துப் பார்த்தார், ஊசி முறிகிறது என்று குற்றம் சொன்னார். பிறகு பேரம் தொடங்கியது. ஒரு மணி நேரம்! எழுந்து படிவரை போனார், திரும்பி வந்தார். இது எந்தக் காலத்து மெஷின் என்றார். பேரம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் குறைக்கச் சொன்ன ஒவ்வொரு ரூபாய்க்கும், இவர் நிஜம், இவர் நிஜம் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் பதினைந்தரைக்குப் படிந்தது.

அந்த அம்மா பணத்தை நீட்டினார். ஜமீலாக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் பின்வாங்கினேன். "என் கைக்கு ராசி இல்லக்கா, நீங்களே வாங்குங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, அந்த நோட்டுகளுக்கு முன்னால் விரித்து வைத்தார். கண்ணில் ஒற்றும்போது நோட்டு நனைந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு விக்ரோலி அம்மா, அதிக விலை கொடுத்துவிட்டோமோ என்று பயந்துபோனார். ஜமீலாக்கா மட்டும் என் கையை விடாமல் சொன்னார்: "அன்னைக்கி நாம கண்ணுல ஒத்துனது போனைல்லா, ஏட்டி. உன் கைக்கு அதுல என்ன சம்பந்தம்? ராசி இருக்கா இல்லையான்னு நான் சொல்லுதேன். இனி என் போணி எல்லாம் இந்தக் கையிலதான்."

ஆகவே என்னைப் போல் அவதிப்பட்டவர்களே, ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பொருளைப் பார்க்காமல், பேரம் பேசாமல், நம் போணியைப் பற்றி நம்மைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவன் யாராவது போன் பண்ணினால், கையைக் கொண்டு வரச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட வேண்டும்.