மகளைக் குண்டாக்கிய மாத்திரை

என் மகள் சதை போட்டபோது நான் மகிழ்ந்தது அவளுக்காகவா, என் நாத்தனாரின் வாய் அடைபட்டதற்காகவா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறோம். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த நாத்தனார், என் நாலு வயது மகளை எல்லார் முன்னாலும் தூக்கிப் பார்த்து, "என்னாடி இது, ஒட்டடைக்குச்சி! ஒங்கம்மா ஒன் சோத்தயும் சேத்துத் தின்னுடறாளா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும்தான்.

மறுநாளே மருந்துக்கடைக்குப் போனேன். "பசி எடுக்கும், சதை புடிக்கும்" என்று பெயரில்லாத மாத்திரைகளைக் காகிதப் பையில் போட்டுத் தந்தார்கள். ஆறு மாதம் தேனில் குழைத்துக் கொடுத்தேன். கன்னம் உப்பியது. வீடியோ காலில் நாத்தனார், "இப்பத்தான் எங்க வூட்டுப் புள்ள மாதிரி இருக்கா" என்று கொஞ்சினார்.

போன மாதம் சோபாவிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தாள். கை முறிந்தது. டாக்டர் கையைவிடக் கன்னத்தையே அதிகம் பார்த்தார். மாத்திரையைப் பற்றிக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, "ஸ்டீராய்டு குடுத்திருக்காங்கம்மா. அது ஹார்மோன் மருந்து. எலும்ப வளர விடாம பலவீனமாக்கிடுச்சு. இது சதை இல்ல, வீக்கம்" என்றார். திடீரென நிறுத்தினாலும் ஆபத்தாம். அவர் சொல்லும் அளவில் குறைத்து வருகிறோம்.

இப்போதெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல், பெயர் தெரியாமல் எந்த மருந்தும் வாங்குவதில்லை.

கன்னம் வற்றி வருகிறது. நேற்று கட்டுப்போட்ட கையோடு வந்து, "அம்மா, குண்டு மாத்திர குடும்மா. அத்த என்னக் கொஞ்சவே மாட்றாங்க" என்றாள்.

அவளுக்கு நான் என்ன சொல்வது? தெரிந்த தாய்மார்கள் எழுதுங்களேன்.